எட்டு பி-யும் என்னைத் தாங்கிப் பிடிச்சவங்களும்

என்னைத் தனியா விடக் கூடாதுன்னு ஒரு பல்கலைக்கழகமும் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியும் சேர்ந்து முடிவு பண்ணினாங்க. அன்னைக்குப் பிடிச்சது எனக்குச் சனி.

என் பேரு மலர்க்கொடி. தாராசுரம் பக்கம் ஊரு. அப்பா கண்ணுசாமி ஊரார் வயல்ல நாத்துப் பறிச்சு, வரப்பு வெட்டி என்னை எம்.எஸ்ஸி. கணக்கு வரைக்கும் படிக்க வச்சாரு. இப்ப நான் பி.எட். ரெண்டாம் வருஷம். இதுல நாலு மாசம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், நிஜப் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்திப் பழகணும். முடிச்சா பல்கலைக்கழகம் ஒரு சான்றிதழ் தரும். அந்தச் சான்றிதழ் வந்துட்டா கும்பகோணத்துல ஒரு பள்ளிக்கூடத்துல எனக்குக் கணக்கு டீச்சர் வேலை. அங்க தலைமையாசிரியை சாஜிதா மேடம், "ஜூன் வரைக்கும் இடத்தைப் பிடிச்சு வைக்கிறேம்மா, அதுக்கு மேல என் கையில இல்ல"ன்னு சொல்லிட்டாங்க. ஆக எனக்கு வேண்டியது ஒரு வகுப்பும் ஒரு சான்றிதழும். பேராசைன்னு யாரும் சொல்ல முடியாது.

எனக்குக் கிடைச்சது திருவையாறுக்கு அந்தப் பக்கம், வாய்க்காலை ஒட்டின ஒரு பள்ளிக்கூடம். ஆடி மாசம், வாய்க்கால்ல தண்ணி முட்டி ஓடுது. பள்ளிக்கே ஒரே கணக்கு வாத்தியாரான பஞ்சநதம் சார்தான் எனக்கு வழிகாட்டி ஆசிரியர். நல்ல மனுஷன், ஆனா எந்நேரமும் தூக்கம் கலைஞ்சவர் மாதிரியே இருப்பார். "எட்டு பி-யை நீ எடுத்துக்கம்மா, மூணாவது பீரியடு"ன்னு சாக்பீஸைக் கையில கொடுத்தார். முதல் சம்பளம் வாங்கினவ மாதிரி வாங்கிக்கிட்டேன்.

போர்டுல ரெண்டுல ஒண்ணு, மூணுல ஒண்ணுன்னு ரெண்டு பின்னம் எழுதி, எது பெருசுன்னு கேட்டேன். பாதி வகுப்பு "மூணுல ஒண்ணு"ன்னு கத்துச்சு. இல்லைன்னு சொன்னதும் நடு பெஞ்சுலேருந்து ஒரு பொண்ணு எழுந்துச்சு. குந்தவைன்னு பேராம்.

"டீச்சர், ரெண்டை விட மூணு பெருசுதானே? அப்பறம் எப்படி மூணுல ஒண்ணு சின்னதாப் போவும்?"

எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. இந்த மாதிரி ஒரு கேள்விக்காகத்தானே நான் டீச்சராகணும்னு நெனச்சேன்! "சபாஷ்டி! உக்காரு, இதோ சொல்றேன்"னு சாக்பீஸை எடுத்துத் திரும்பினேன். திரும்பறதுக்குள்ள நாலு பேர் உள்ள வந்து பெஞ்சைத் தூக்கிட்டாங்க, பிள்ளைங்க அதுல உக்காந்திருக்கும்போதே.

பள்ளியிலயே டைல்ஸ் போட்ட ரூம் எட்டு பி-தான். அன்னைக்கு அங்கதான் விழாவாம். என்ன விழான்னா, எனக்கு ஆதரவு கொடுக்கிறதுக்காகப் பல்கலைக்கழகமும் பள்ளிக்கூடமும் ஒப்பந்தம் போட்டுக்கிற விழா. திட்டத்துக்குப் பேரு 'இணைகரம்'. பிள்ளைங்களை வேப்பமரத்தடிக்கு ஓட்டிட்டு, நாற்காலி போட்டு, பிளக்ஸ் கட்டினாங்க. அதுல பதினாலு பேர் படம். நான் இல்ல. அது பரவாயில்ல, எனக்கென்ன கல்யாணமா?

இணைகரம் இயக்குநர் முனைவர் நெடுஞ்செழியன் மைக்கைப் பிடிச்சார்.

"அன்பார்ந்தவர்களே! பயிற்சி ஆசிரியர் ஒருவர் வகுப்பறையில் ஒரு கணம்கூடத் தனிமையை உணரக் கூடாது. அவர் திரும்புகின்ற திசையெல்லாம் நமது ஆதரவு நிற்க வேண்டும். நானும் இதே போன்ற அரசுப் பள்ளியில் கடைசி பெஞ்சில் படித்தவன்தான். ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளாக எந்த வகுப்பறைக்குள்ளும் நான் நுழைந்ததில்லை. ஆகவேதான் வகுப்பறையை விருப்பு வெறுப்பின்றி என்னால் பார்க்க முடிகிறது!"

கைதட்டல் அடங்க நேரமாச்சு. தலைமையாசிரியை அமிர்தம் டீச்சர் எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தினாங்க. அப்புறம் திருவையாறு அசோகா அல்வா, நெய் சொட்டச் சொட்ட. மூணாவது பீரியடு, நாலாவது பீரியடு, மத்தியானம் எல்லாம் போச்சு.

"டீச்சர், அந்த மூணுல ஒண்ணு?"ன்னு குந்தவை பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தா.

"நாளைக்குடி கண்ணு"ன்னேன். அப்ப உண்மையாத்தான் சொன்னேன்.

மறுநாள் சாக்பீஸும் கையுமா கிளம்பறேன், பஞ்சநதம் சார் ஸ்டாஃப் ரூம் வாசல்ல மறிச்சார். முகத்துல அசடு வழியுது.

"மலர்க்கொடி, உனக்கு நான் எப்படியெல்லாம் உதவி பண்றேன்னு விவரமா அறிக்கை அனுப்பணுமாம். நாலு பக்கம். எனக்கு ஏதும்மா நேரம்? நீயே எழுதிடேன்."

"சார், எனக்கு கிளாஸ் இருக்கு."

"தெரியும்மா. நான் உனக்கு உதவி பண்ணணும்னா முதல்ல நீ எனக்கு உதவி பண்ணணும். இல்லாட்டி உதவி பண்ணலைன்னு என்னைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. ரிட்டையராக ரெண்டு வருஷம்தான் இருக்கு."

பாவமா இருந்துச்சு. உக்காந்து எழுதினேன். 'வழிகாட்டி ஆசிரியர் எனது வகுப்பைக் கூர்ந்து கவனித்து அரிய ஆலோசனைகள் வழங்கினார்'னு நான் எழுதிக்கிட்டிருக்கும்போது எட்டு பி-யில பெஞ்சு மேல பெஞ்சு போட்டு யாரோ கூரையைத் தொடப் பாத்துக்கிட்டிருந்தாங்க. சத்தம் வாய்க்கால் தாண்டிக் கேட்டுச்சு.

அடுத்து வந்தது நலம் விசாரிப்பு. பல்கலைக்கழகத்துல வானதி மேடம்னு ஒருத்தங்க, எங்க நலனுக்கு ஒருங்கிணைப்பாளர். வாராவாரம் செவ்வாய்க்கிழமை ஆன்லைன் மீட்டிங். சரியா மூணாவது பீரியடு. வீடியோவை ஆஃப் பண்ணக் கூடாது, ஏன்னா முகத்துல மலர்ச்சி தெரியுதான்னு பாப்பாங்க.

"சொல்லுங்க மலர்க்கொடி, பாடம் எடுக்க உங்களுக்குப் போதுமான நேரம் கிடைக்குதா?"

"இல்லைங்க மேடம். இந்த மீட்டிங்கே என் பீரியடுலதான் நடக்குது."

வானதி மேடம் நிஜமாவே கவலைப்பட்டாங்க. குரல் தழுதழுத்துப் போச்சு. "இதை நாம லேசா விடக் கூடாது"ன்னு சொல்லி, எனக்கு நேரம் பத்தலைங்கறதைப் பத்திப் பேச வியாழக்கிழமையும் ஒரு மீட்டிங் போட்டாங்க. அதுவும் மூணாவது பீரியடுதான். வியாழக்கிழமை மீட்டிங்குல, செவ்வாய்க்கிழமையும் போச்சு வியாழனும் போச்சேன்னு அழாத குறையா சொன்னேன். உடனே வாராவாரம் திங்களும் புதனும் தஞ்சாவூருக்கு வரச் சொல்லி, 'நேர மேலாண்மைத் திறன்'னு பயிற்சி கொடுத்தாங்க. வாயைத் திறந்தா இன்னொரு நாள் போகும்னு அதுக்கப்புறம் நான் எதையும் சொல்றதில்ல. மீட்டிங்குல ஈன்னு பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். 'மலர்ச்சியில் முன்னேற்றம்'னு எழுதினாங்களாம்.

மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை. அன்னைக்குத்தான் மேற்பார்வை. பஞ்சநதம் சார் என்னைத் தாங்குறாரான்னு பாக்க ஒருத்தர் வருவார். அவர் ஒழுங்காப் பாக்குறாரான்னு பாக்க இன்னொருத்தர். வர்றவங்களுக்குப் பொன்னாடை போர்த்தணும், அசோகா வாங்கணும். போர்த்தறது ஒரே பொன்னாடைதான். எல்லார் வீட்டுலயும் பீரோ நிரம்பி வழியறதால யாரும் எடுத்துட்டுப் போறதில்ல. மடிச்சு மேஜை மேல வச்சிட்டுப் போயிடுவாங்க. அமிர்தம் டீச்சர் அடுத்த வெள்ளிக்கு எடுத்துப்பாங்க. அசோகாவை மட்டும் யாரும் மறந்து வச்சிட்டுப் போனதில்ல. வாங்கிட்டு வர்றது என் வேலை. திருவையாறு கடைக்காரரு என்னை அந்தப் பள்ளிக்கூடத்து பியூன்னு நெனச்சிருந்தாரு.

ஆடி போய் ஆவணியும் போச்சு. வயல்ல குறுவை தலை சாஞ்சுடுச்சு. எட்டு பி மட்டும் ரெண்டுல ஒண்ணு, மூணுல ஒண்ணுலயே நிக்குது. எனக்கு ராத்திரி சோறு இறங்கல. பஸ்ஸுல உக்காந்தா கால் ஆடிக்கிட்டே இருக்கும். பக்கத்து சீட்டு அம்மா, "காலை ஆட்டாத, வீட்டுக்கு ஆகாது"ன்னாங்க. என் கால் எங்கம்மா என் பேச்சைக் கேக்குது?

ஒரு நாள் பொறுக்க முடியாம, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல எட்டு பி-யை வேப்பமரத்தடியில உக்கார வச்சேன். "குந்தவை, உன் கேள்விக்கு வருவமா?"ன்னேன். அவ முகம் பூராச் சிரிப்பு. பக்கத்துல இர்பான்னு ஒரு பையன், எப்பவும் யாரையாவது கிள்ளிக்கிட்டே இருப்பான், அவனே கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தான். நான் வாயைத் திறக்கறேன், அமிர்தம் டீச்சர் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடி வர்றாங்க.

"அய்யய்யோ! என்ன காரியம்மா பண்ற? உன் பக்கத்துல யாரு இருக்கா?"

"யாரும் இல்லைங்க டீச்சர். பிள்ளைங்கதான்."

"அதைத்தான் கேக்கறேன். ஒப்பந்தத்துல என்ன போட்டிருக்கு? ஆதரவு இல்லாத நேரத்துல பயிற்சி ஆசிரியர் பாடம் எடுக்கக் கூடாது. வழிகாட்டி பக்கத்துல இருக்கணும். தெரிஞ்சா உன் சான்றிதழும் போவும், என் மானமும் போவும்."

"பஞ்சநதம் சாரைக் கூப்பிடட்டுங்களா?"

"அவரு உனக்கு ஆதரவு கொடுக்கறது எப்படின்னு பயிற்சிக்குத் தஞ்சாவூர் போயிருக்காரு."

பிள்ளைங்க எழுந்து மண்ணைத் தட்டிக்கிட்டுப் போச்சுங்க. குந்தவை திரும்பித் திரும்பி என்னைப் பாத்துக்கிட்டே போனா. அதுதான் என்னைச் சுட்டுது.

ஐப்பசியில கடைசி மதிப்பீடு. இணைகரம் குழுவே நேர்ல வந்து என் வகுப்பைப் பாக்கும். அன்னைக்குத் தேறினா சான்றிதழ். இல்லாட்டி அடுத்த ஆடியில மறுபடி முதல்லேருந்து. சாஜிதா மேடம் சொன்ன ஜூன், அந்த ஆடிக்கு முன்னாடியே போயிடும். ஆனா உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்துச்சு. ஆதரவெல்லாம் ஒரே இடத்துல உக்காந்திருக்கப் போவுது, அன்னைக்காவது யாரும் என்னைத் தடுக்க முடியாதுல்ல?

முந்தின நாள் பஞ்சநதம் சார் எட்டு பி-யைத் தயார் பண்ணினார். பெரிய ஏற்பாடு ஒண்ணும் இல்ல, பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுன்னு ஒண்ணு வர ஆரம்பிச்ச நாள்லேருந்து இருக்கறதுதான்.

"டீச்சர் என்ன கேட்டாலும் எல்லாரும் கையைத் தூக்கணும். ஒருத்தன் விடக் கூடாது. பதில் தெரிஞ்சவன் வலது கை. தெரியாதவன் இடது கை. டீச்சர் வலது கையைப் பாத்துக் கூப்பிடுவாங்க. வந்தவங்களுக்கு அத்தனை பிள்ளைங்களும் கெட்டிக்காரங்களாத் தெரியும். எங்க வாத்தியார் எங்களுக்குச் சொன்னது. அவருக்கு அவங்க வாத்தியார்."

குந்தவை எழுந்தா. "சார், இடது கையை டீச்சர் எப்பத்தான் கூப்பிடுவாங்க?"

"கூப்பிடவே மாட்டாங்க. பயப்படாதே."

மறுநாள் விடியறதுக்கு முன்னாடியே மழை பிடிச்சுக்கிச்சு. வேன்லேருந்து குடை குடையா இறங்கினாங்க. நெடுஞ்செழியன் சார், வானதி மேடம், மேற்பார்வையாளர்கள், அவங்களைப் பாக்கறவங்க, புதுசா ரெண்டு பேர். அவங்க எதைப் பாக்கறாங்கன்னு அவங்களுக்கே இன்னும் சொல்லலையாம். மொத்தம் பன்னெண்டு பேர், அப்புறம் போட்டோகிராபர். எட்டு பி வாசல்ல வந்து நின்னு உள்ள பாத்தாங்க. நாப்பது பிள்ளைங்க, நெருக்கி நெருக்கி உக்காந்து, எல்லாம் எண்ணெய் வச்சுத் தலை சீவி. ரூம்ல இடமே இல்ல.

நெடுஞ்செழியன் சார் பெஞ்சுகளை எண்ணிப் பாத்தார். அப்புறம் சொன்னார்.

"மாணவர்களை வெளியே அனுப்பிவிடலாம்."

"சார்?"ன்னேன்.

"பதற்றப்படாதீங்க. மதிப்பீடு உங்களுக்குத்தான், அவர்களுக்கு அல்ல. மேலும், மாணவர்கள் இருந்தால் அவர்களில் சிலருக்குப் புரியும், சிலருக்குப் புரியாது. அது உங்களை மதிப்பிடுவதைப் பாதிக்கும். மாணவர் என்கிற குழப்பத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால்தான் ஆசிரியரின் தரம் தெளிவாகத் தெரியும்."

வானதி மேடம் குறிச்சுக்கிட்டாங்க. அமிர்தம் டீச்சர் பிள்ளைங்களை எதிர்ல இருக்கற சைக்கிள் ஷெட்டுக்கு ஓட்டினாங்க. தகரக் கூரையில மழை படபடன்னு அடிக்குது. பிள்ளைங்க சைக்கிள் கேரியர்ல ஏறி உக்காந்து எங்களைப் பாக்குதுங்க, பயாஸ்கோப் பாக்கற மாதிரி.

பன்னெண்டு பேரும் பெஞ்சுல முட்டி இடிக்க உக்காந்தாங்க. நெடுஞ்செழியன் சாரு பழக்க தோஷத்துல கடைசி பெஞ்சுக்குப் போனாரு. பஞ்சநதம் சார் மட்டும் செவுத்தோரமா நின்னார்.

"ம், பாடத்தைத் தொடங்குங்க."

"யாருக்குங்க சார்?"

"எங்களை மாணவர்களாகப் பாவித்துக்கொள்ளுங்கள்."

நாலு மாசமா தொண்டையில நின்ன கேள்வி. போர்டுல அதே ரெண்டு பின்னத்தை எழுதினேன். திரும்பி நின்னு, "ரெண்டை விட மூணு பெருசு. அப்படி இருக்க, மூணுல ஒண்ணு ஏன் ரெண்டுல ஒண்ணை விடச் சின்னது? யாரு சொல்றீங்க?"ன்னு கேட்டேன்.

சரசரன்னு பன்னெண்டு கையும் மேல போச்சு. ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாவே இருந்துச்சு. அடேங்கப்பா, படிச்சவங்க படிச்சவங்கதான்னு நெனச்சேன். அப்புறம் யாரைக் கூப்பிடலாம்னு ஒவ்வொரு கையாப் பாத்துக்கிட்டே போனேன்.

பன்னெண்டும் இடது கை.

இப்ப யாரும் அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கல. பெஞ்சுல உக்காந்து ஒரு கேள்வி காதுல விழுந்ததும் கை பாட்டுக்குத் தானாப் போயிருக்கு. கடைசி பெஞ்சுல நெடுஞ்செழியன் சாரோட கைதான் எல்லாத்தையும் விட உசரம், தங்க வாட்ச் மினுமினுங்குது. பஞ்சநதம் சார் மேல ஃபேனைப் பாத்துக்கிட்டு நிக்கறார், தோள் மட்டும் குலுங்குது. போட்டோகிராபர் 'சூப்பர், சூப்பர்'னு எடுத்துத் தள்ளினார். மறுநாள் பேப்பர்ல 'ஆர்வத்துடன் பங்கேற்ற கல்வியாளர்கள்'னு வந்துச்சு.

கூப்பிட வலது கையே இல்ல. என்ன பண்றதுன்னு தெரியாம ஜன்னல் பக்கம் திரும்பினேன். சைக்கிள் ஷெட்டுல, மழைக்கு நடுவுல, குந்தவை நிக்கறா. போர்டுல எழுதினது அங்கேருந்தே தெரிஞ்சிருக்கு. கையைத் தூக்கி வச்சிருக்கா. அவளும் இடது கைதான். ஆனா அவ யாரையும் ஏமாத்தத் தூக்கல. தெரியாது, சொல்லுங்கன்னு தூக்கி வச்சிருக்கா.

எனக்கு அதுக்கு மேல தாங்கல. நல்லா இருங்கடாப்பான்னு மனசுக்குள்ள ஒரு கும்பிடு போட்டுட்டு வெளிய நடந்தேன். வராந்தாவுல அமிர்தம் டீச்சர் விருந்தாளிங்களுக்கு அசோகாவை வாழை இலைத் துண்டுல கட்டி கட்டியா வச்சு, தாம்பாளத்துல அடுக்கிக்கிட்டிருந்தாங்க. தாம்பாளத்தோட தூக்கினேன்.

"அடியே! அது அவங்களுக்குடி!"

"அவங்களுக்கு வேண்டியது இதுல இல்லைங்க டீச்சர்."

நனைஞ்சுக்கிட்டே ஷெட்டுக்கு ஓடினேன். ஒரு இலையை குந்தவைக்கும் இர்பானுக்கும் நடுவுல வச்சேன். "இது ஒரு அசோகா. நீங்க ரெண்டு பேரு. சமமாப் பிரிங்க." இன்னொரு இலையை மூணு பிள்ளைங்களுக்கு நடுவுல வச்சேன். "இதுவும் அதே அளவு. நீங்க மூணு பேரு."

இர்பான் விரலால கோடு போட்டான். குந்தவை அதை நகர்த்தி நேர் பண்ணினா. தன் பங்கைப் பாத்தா, பக்கத்து இலையைப் பாத்தா. மறுபடி தன் பங்கைப் பாத்தா.

"டீச்சர்! கீழ எழுதறது ஆளுங்களா?"

"ஆமாண்டி!"

"அப்ப ஆளு கூடினா பங்கு குறையும்ல? மூணு பெருசுதான், ஆனா அது வாய்! அசோகா இல்ல!"

எட்டு பி போட்ட சத்தத்துல மழைச் சத்தம் அமுங்கிப் போச்சு. நாலு பேருன்னா? அஞ்சு பேருன்னா? பத்து பேருன்னா நக்கத்தான் இருக்கும் டீச்சர்! நாப்பது பேரும் ஒரே நேரத்துல பேசுறாங்க, தாம்பாளம் காலி, என் புடவையெல்லாம் நெய். அழுகையும் சிரிப்புமா நின்னேன். என் வாழ்க்கையில நான் எடுத்த முதல் கிளாஸ் அது. யார் ஆதரவும் இல்லாம எடுத்தேன்.

மத்தியானம் நெடுஞ்செழியன் சார் மதிப்பீட்டை வாசிச்சார். அசோகா கிடைக்காத முகம்.

"வகுப்பறைக் கட்டுப்பாடு: மிகச் சிறப்பு. மாணவர்களால் எவ்வித இடையூறும் இல்லை. வினா எழுப்பும் திறன்: மிகச் சிறப்பு. அனைவரும் கை உயர்த்தினர். எனினும், பயிற்சி ஆசிரியர் வகுப்பைப் பாதியில் கைவிட்டுச் சென்று, ஆதரவற்ற நிலையில் மாணவர்களுக்குக் கற்பித்துள்ளார். இது ஒப்பந்த மீறல். இவ்வளவு பேர் இருந்தும் இப்படி நடந்திருக்கிறது என்றால், நமது ஆதரவு போதவில்லை என்றுதான் பொருள். சான்றிதழ் நிறுத்தி வைக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு இதே பள்ளியில் மீண்டும் பயிற்சி. வழிகாட்டிகள் இரட்டிப்பாக்கப்படுவார்கள்."

வானதி மேடம் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "நாங்க இருக்கோம் மலர்க்கொடி, கவலைப்படாதீங்க"ன்னு என் கையைப் பிடிச்சாங்க. அமிர்தம் டீச்சர் எழுந்து நெடுஞ்செழியன் சாருக்குப் பொன்னாடை போர்த்தினாங்க.

பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்னேன். சாஜிதா மேடத்துக்கு போன் போட்டுச் சொன்னேன். அவங்க ஒண்ணும் திட்டல, "அடடா"ன்னு மட்டும் சொன்னாங்க. அப்பாகிட்ட என்ன சொல்றதுன்னு நெனச்சதும் அடக்க முடியல. மழையில அழுதா யாருக்கும் தெரியாதுன்னு சொல்றதெல்லாம் பொய். குந்தவைக்குத் தெரிஞ்சுபோச்சு. புத்தகப் பையைத் தலையில வச்சுக்கிட்டு வந்து பக்கத்துல நின்னா.

"டீச்சர், அடுத்த வருஷமும் இங்கதான் வருவீங்களாமே? பஞ்சநதம் சார் சொன்னாரு."

"ஆமா."

"அவங்களும் வருவாங்களா?"

"வருவாங்க. இன்னும் ரெண்டு மடங்கு."

சந்தோஷப்படுவான்னு நெனச்சேன். அவ விரலை மடக்கி மடக்கி என்னமோ கணக்குப் போட்டா. முகம் சுருங்கிப்போச்சு.

"நீங்க ஒருத்தர்தானே டீச்சர். அப்ப எங்களுக்கு இதைவிடக் கம்மியாத்தான் கிடைப்பீங்க."

கணக்கு சரிதான். பஸ் வந்துடுச்சு, ஏறிட்டேன்.